வியாழக்கிழமைப் பச்சை

எல்க் போர்டேஜ்,
அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, பகல் 12.10.
ஆய்வகத்து வண்டி நிறுத்தத்தில், காருக்குள். வடமேற்குக் காற்று. மழை இல்லை.

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

அண்ணன் லேலண்ட் எழுதுவது. நீயும் மெர்லும் சுகமாக இருக்க வேண்டும், உன் முழங்கால் வலி போன ஞாயிற்றுக்கிழமையைவிடக் குறைந்திருக்க வேண்டும், பள்ளிக்கூடச் சமையலறையில் அந்தப் பெரிய அடுப்பைச் சரிசெய்து கொடுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாக விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குப் பொறுமை இல்லை. உன் வீட்டு நிலவறையில் இருக்கும் பெரிய ஃப்ரீசரில், மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில், நான் கொண்டுவந்து வைத்திருக்கிற பதினொரு பாட்டில் ஆப்பிள் சாறு, ஆப்பிள் சாறு அல்ல. யாரும் ஒரு மடக்குக்கூடக் குடித்துவிடாதீர்கள். மெர்லிடம் காரணம் சொல்லாமல் இதைச் சொல். அவன் வேட்டைக்குப் போய்விட்டுத் தாகத்தோடு வருகிறவன். எனக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அது ஆற்றுத் தண்ணீர். ஒவ்வொரு பாட்டிலிலும், கெடாமலிருக்க, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் வேறு விட்டிருக்கிறேன். மற்றவர்கள் சாப்பிடுமுன் கை கழுவுகிற மாதிரி, முப்பத்தொரு வருஷம் தண்ணீர் சோதித்தவனுக்கு அது ஒரு பழக்கம். உன் ஃப்ரீசரில் ஏன் என்று கேட்பாய். ஆய்வகத்து ஃப்ரீசரில் சொந்தப் பொருள் வைக்கக் கூடாது. என் வீட்டு ஃப்ரீசரை லொரெய்ன் விவாகரத்தோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனில் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பாய். தோல் பதனிடும் ஆலை உன் புருஷன் மெர்லுக்குக் கொடுத்த மந்தக் காதினால் அவன் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், தெருவே கேட்கும். ஆகவே இந்தக் கடிதத்தை மூன்று மணிக்குள் உன் பள்ளிக்கூடச் சமையலறை ஜன்னலில் நானே கொடுத்துவிட்டு நிற்காமல் காரில் ஏறிவிடுவேன். கரண்டியோடு துரத்திக்கொண்டு வராதே. முழுக்கப் படி.

எல்லாம் அந்த ஓவியத்தினால் வந்தது. "இந்த வயசுல உனக்கு எதுக்குண்ணா பெயிண்ட்டு? மீன் பிடிக்கப் போயேன், எல்லா ஆம்பளைங்களும் போற மாதிரி" என்று நீ ஈஸ்டர் அன்றைக்கே சொன்னாய். நான் கேட்கவில்லை. ஆனால் என் பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து தண்ணீரின் நிறத்தைக் கண்ணால்தான் பார்த்தோம். நீளமான கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, மேலிருந்து உள்ளே பார்த்து, பக்கத்தில் அடுக்கியிருக்கிற மாதிரி நிறங்களோடு ஒப்பிட்டு எண் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் என் கண்ணுக்கு இருந்த மரியாதை எனக்குக்கூட இருந்ததில்லை. போன ஜனவரியில் அதற்கு ஒரு மெஷின் வந்தது. மூடியைத் திறந்து வைத்தால் நான்கு நொடியில் எண் சொல்கிறது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. என் கண்ணை மட்டும் அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்தொன்பது வயதில், கண் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் மனுஷன் என்ன செய்வான்? தேவாலயத்து நிலவறையில் வியாழக்கிழமை மாலை ஓவிய வகுப்பு என்று பலகை தொங்கியது. போனேன். முதல் நாள் ஒரு வெள்ளை முட்டையை வெள்ளைத் துணியில் வைத்து வரையச் சொன்னார்கள். அந்த வெள்ளைக்குள் நான் ஏழு நிறம் எண்ணினேன். வண்டிக்கு வந்து கொஞ்ச நேரம் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன் ஆர்டிஸ். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

வகுப்பு எடுக்கிற ரெனே பகலில் முடி வெட்டுகிறவள், முப்பது வயசுகூட ஆகவில்லை, நாள் முழுக்கத் தலைச்சாயம் கலக்கிற கை. அவளுக்கு நான் ஒரு வேடிக்கை. பழைய பாலத்துக்குக் கீழே ஒரே இடத்தில் நின்று, வியாழன்தோறும் நான்கு மணிக்கு அதே வளைவை வரைந்தேன். பாதிப் படத்தோடு ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய், விளக்கடியில் நிறம் சேர்த்து முடிப்பேன். "ஏன் லேப்காரரே, ஆத்தையே கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று முதல் வாரமே எல்லோரையும் சிரிக்க வைத்தாள். ஜூலை மூன்று, பிரச்சினை இல்லை, நம் ஆறு எப்போதும்போல் கடுந்தேநீர்ப் பழுப்பு, மேலே சதுப்பு நிலத்திலிருந்து வருகிற நிறம். ஜூலை பத்து, எவ்வளவு கலக்கியும் நிறம் சேரவில்லை. ரெனே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"பச்சை போடுங்க."

"இந்த ஆத்துல பச்சை கிடையாது. முப்பத்தொரு வருஷமா எனக்குத் தெரியும்."

"நீங்க பாத்து வரையறீங்களா, படிச்சதை வரையறீங்களா? பாட்டிலைப் பாருங்க."

பார்த்தேன். அவள் டியூபிலிருந்து ஒரு பயறளவு பச்சை எடுத்துச் சேர்த்தேன். சட்டென்று ஆறு வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு எந்தப் பொருளையும் திருப்பி லேபிளைப் படிக்கிற வியாதி உண்டென்று உனக்குத் தெரியும், உன் வீட்டு ஊறுகாயைக்கூடப் படிப்பேன். டியூபைத் திருப்பினேன். குரோமியம். ஆலையில் தோலைப் பதப்படுத்தப் போடுகிற அதே உலோகம். ஆற்றின் பச்சையை நான் எதனால் வரைந்தேனோ, ஆறு அதனால்தான் பச்சையாகியிருக்கிறது. எல்லோரும் குக்கீ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பிரஷ்ஷைக் காப்பியில் கழுவிவிட்டேன்.

அடுத்த வாரம் பழுப்பு. அதற்கடுத்த வாரம் பச்சை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ஆய்வகத்துக்காக நாங்கள் தண்ணீர் எடுப்பது திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு. நான் சேர்வதற்கு முன்னாலிருந்தே அப்படி. அது ஊருக்கும் தெரியும், ஆலைக்கும் தெரியும். திங்கட்கிழமைகளில் இந்த ஆறு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி குளித்துத் தலைவாரி வந்து நிற்கும். நான் கையெழுத்துப் போட்ட எண்கள் எல்லாம் உண்மையான எண்கள் ஆர்டிஸ். ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் வினையே. நான்காவதோ ஆறாவதோ படத்தின்போது, ஏழைகள் இருக்கிற டிரெய்லர் வீடுகளிலிருந்து ஒரு பெண் வாளியும் தூண்டிலுமாக வந்து என் படத்தைப் பார்த்தாள். "ஆமா, இன்னைக்கு அந்தக் கலர் நாளு" என்றாள், பஸ் வருகிற நேரத்தைச் சொல்கிற மாதிரி. இன்றைக்குப் பிடிக்காதீர்கள் என்றேன். "அப்ப ராத்திரிக்கு நீங்க கறி வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தூண்டிலைப் போட்டாள். நாமெல்லாம் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனால் எங்கேயோ கடலிலிருந்து உறைய வைத்து வந்த மீனைத் தின்கிறோம். இந்த ஆற்று மீனைத் தின்கிறவர்களுக்காக, மாதம் ஒரு தடவைக்கு மேல் உண்ண வேண்டாம் என்று கரையில் ஒரு பலகை இருக்கிறது. அந்த வாசகத்தை எழுதியவன் நான். எழுத்து அளவு போதுமா என்று இரண்டு கூட்டம் நடத்தினோம்.

பாட்டில்களை ஏன் வைத்துக்கொண்டேன் என்றால், அறிக்கை முடிகிறவரை மாதிரித் தண்ணீரைக் கொட்டக் கூடாது என்பது எங்கள் விதி. ஒவ்வொரு படத்தையும் ரெனே "இன்னும் முடியல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். படம் முடியாதபோது தண்ணீரை எப்படிக் கொட்டுவது? சீல் வைத்து, தேதி, நேரம், என் இனிஷியல் போட்டேன். மெர்ல் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து மேலே ஆப்பிள் சாறு என்று எழுதினேன். படங்களின் பின்பக்கமும் தேதி, நேரம், காற்று, மழை உண்டா இல்லையா, எல்லாம் எழுதியிருந்தேன். அதில்தான் அகப்பட்டேன்.

நூலகத்தில் ஊர்க்காரர் ஓவியக் கண்காட்சி. பிஸ்கட், பழரசம், பெயர்ப்பலகை எல்லாம் ஆலையின் உபயம். என் பதினொன்றையும் ரெனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். நூலகர் மார்சியா புத்தகம் அடுக்குகிறவள்; பின்பக்கம் தேதியைப் பார்த்ததும் தேதி வரிசையில் மாட்டிவிட்டாள். கழிப்பறைக்குப் போகிற வழியில், ஒரே நீளமாக. பழுப்பு, பச்சை, பழுப்பு, பச்சை, பழுப்பு, பச்சை. பின்னால் எழுதியிருந்ததை அழகாக டைப் அடித்துக் கீழே ஒட்டியிருந்தாள். மழை இல்லை. மழை இல்லை. மழை இல்லை. மழையின் மேல் பழி போடவும் இடமில்லை. செவ்வாய்க்கிழமை மாலை போனபோதுதான் அதைப் பார்த்தேன். அப்படியும் ஒன்றும் ஆகியிருக்காது. நம் ஊரில் யாரும் படத்தை இரண்டு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. அப்போதுதான் மெர்ல் வந்தான். உனக்குப் பள்ளிக்கூடத்தில் விருந்து என்று தனியாக வந்தான், பாவம், சட்டை மாற்றிக்கொண்டு, எனக்கு மரியாதை செய்ய. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மச்சான்!" அவன் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிற குரல் உனக்குத் தெரியும். "மச்சான், இந்தப் பச்சை எல்லாம் நாங்க ஆலைல தொட்டி கழுவி ஆத்துல விடுற வாரம்! அப்படியே புடிச்சிருக்கியே! இந்தா, இது ஆகஸ்ட் இருபத்தொண்ணுதானே? அன்னைக்கு ரெண்டு தொட்டி!"

ஆலை மேலாளர் வாயில் பிஸ்கட்டோடு நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றி மெர்ல்" என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் என் வேலையைச் சரியென்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். வீட்டில் பேசாமல் இருக்கிறானா? சாப்பிடுகிறானா?

புதன்கிழமை காலை என் அதிகாரி கிரெய்க் கூப்பிட்டான். இலைகள் இந்த வருஷம் சீக்கிரம் உதிர்ந்துவிட்டன என்று ஆரம்பித்தான். நம் மாவட்டத்தில் ஒருவன் மூன்று நிமிஷத்துக்கு மேல் இலையைப் பற்றிப் பேசினால் கேட்கிறவனுக்கு ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம். அவன் பத்து நிமிஷம் பேசினான். பிறகு ஒரு தாளைத் தள்ளினான்.

"ஒண்ணுமில்ல லேலண்ட், சும்மா ஒரு விளக்கம். படத்துல இருக்கற கலரெல்லாம் உங்க கற்பனைன்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுக் குடுங்க. பென்ஷனுக்குப் பதினாலு மாசம்தானே இருக்கு? நிம்மதியாப் போங்க. உங்க தங்கச்சி வீட்டுக்காரரையும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கடைசி வாக்கியத்தை அவன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். எனக்குக் கேட்டது அது ஒன்றுதான். மெர்லுக்கு அங்கே இருபத்தாறு வருஷம். இந்த வயதில், அந்தக் காதை வைத்துக்கொண்டு, அவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

நேற்று மாநிலச் சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். யாரோ அந்த வரிசையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரெனே என்று நினைக்கிறேன், அவளுக்குப் பயமே கிடையாது, வாடகை வீட்டில் இருந்துகொண்டு எப்படித்தான் இருக்கிறாளோ. "படம் நல்லா இருக்குங்க" என்றாள் அந்த அதிகாரி. "ஆனா படத்தை எங்க மெஷின்ல ஊத்த முடியாது. தண்ணி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். இரண்டு மணிக்குப் போய்க் கையெழுத்துப் போடப்போகிறேன். நீ இன்று மாலையே மெர்ல் பார்க்காமல் அந்தப் பதினொரு பாட்டிலையும் கொட்டிவிட வேண்டும். எப்படி என்று கவனமாகப் படி. சமையலறைத் தொட்டியில் ஊற்றாதே, உன் வீட்டுக் கழிவுத்தொட்டிக்கு அமிலம் ஆகாது. தோட்டத்தில் ஊற்றாதே, கிணறு பக்கத்தில் இருக்கிறது. குப்பையில் போடாதே, ஆய்வுத் திரவம் குப்பையில் போவது தடை. எங்கள் ஆய்வகத்தின் கழிவுப் பீப்பாயில் ஊற்ற வேண்டுமானால் இரண்டு பேர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும், அதில் எங்கே எடுத்த தண்ணீர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆற்றிலேயே திரும்ப ஊற்றிவிடலாமே என்று நீ நினைப்பாய், நானும் நினைத்தேன். அது குற்றம் ஆர்டிஸ். அனுமதி இல்லாமல் பதினொரு பாட்டில் ஆற்றில் ஊற்றினால் அபராதம் உண்டு, நான் பார்த்தால் நானே புகார் எழுத வேண்டும். தொட்டி தொட்டியாக விடுகிறவனிடம், சுத்தம் செய்து விடுவதற்கென்று, ஒரு அனுமதித் தாள் இருக்கிறது. சட்டம் நடைபாதைவரை வந்து, ஆலையின் பெரிய சுவரோடு நின்றுவிடுகிறது. ஆக எங்கே ஊற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சமையலறைக்காரி, ஏதாவது யோசி. கையுறை போட்டுக்கொள். கொட்டிய பிறகு இந்தக் கடிதத்தையும் எரித்துவிடு.

படங்களை மார்சியா கழற்றித் தருவாள். ரெனேயிடம் வகுப்புக்கு இனி வரவில்லை என்று சொல்லிவிடுவேன். ஈஸ்டர் அன்றைக்கு நீ சொன்ன மாதிரி மீன் பிடிக்கப் போகலாம். மீனைத் தின்ன வேண்டும் என்று கட்டாயமில்லையே.

அண்ணனுடைய கோழைத்தனத்தை மன்னித்துவிடு. உன் முழங்காலுக்கும் மெர்லின் காதுக்கும் கடவுள் துணை இருக்கட்டும். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல், ஃப்ரீசர் நிறைந்து, யார் கண்ணும் படாமல் இருங்கள்.

பாசமுள்ள அண்ணன்,
லேலண்ட்

பின்குறிப்பு, 2.40 மணி, அதே கார், அதே காற்று:

கொட்டாதே. ஒரு சொட்டுக்கூடக் கொட்டாதே.

இரண்டு மணிக்குப் போனேன். தாளை இந்தத் தடவை முழுக்கப் படித்தேன். படங்கள் கற்பனை என்கிற வரி, சரி, முழுங்கிவிட்டேன். அதற்குக் கீழே, "ஓவியர் தொடக்கநிலையில் உள்ளவர், நிறங்களைத் தவறாகக் கணித்திருக்கிறார்" என்று இருந்தது. ஆர்டிஸ், என்னைப் பொய்யன் என்று எழுதியிருந்தால் போட்டிருப்பேன். என் கண்ணைத் தவறு என்கிறான். என் கை தானாக வேலை செய்தது. ஆவணத்தில் பிழை கண்டால் எங்கள் வழக்கம் என்னவோ அதன்படி, "தவறாக" என்பதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, மேலே "சரியாக" என்று எழுதி, பக்கத்தில் இனிஷியல், தேதி, நேரம் போட்டேன். "கற்பனை" என்பதையும் அப்படியே அடித்து, "வியாழக்கிழமை, மாலை 4 மணி, நேரில்" என்று எழுதினேன். பிறகு கீழே பளிச்சென்று கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கிரெய்க் வாங்கி, "நல்ல காரியம் பண்ணுனீங்க" என்று என் முதுகில் தட்டிவிட்டு, என் கண் முன்னாலேயே அதை மாநில அலுவலகத்துக்கு ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டான். படிக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக என் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அந்த அலுவலகத்தில் யாரும் படித்ததே இல்லை.

பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் போன் செய்தாள். தண்ணீர் இருக்கிறதென்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஐஸ் பெட்டியோடு உன் வீட்டுக்கு வருகிறாள். காப்பி கொடு.

வீட்டில் யாராவது இருந்தால் பாட்டில்களைத் தொடக் கூடாதென்று சொல்ல உடனே உன் வீட்டுக்குப் போன் செய்தேன். மெர்ல் எடுத்தான், இன்றைக்கு அவனுக்கு விடுமுறையாம். தெருவே கேட்டிருக்கும்.

"ஆப்பிள் சாறா? எந்த ஆப்பிள்ல மச்சான் அந்த நாத்தம் அடிக்கும்? இருபத்தாறு வருஷமா அதுல நிக்கறவனுக்குத் தெரியாதா? ஜூலையிலயே ஒண்ணைத் தெறந்து மோந்து பாத்துட்டேன்."

"எந்தத் தேதி பாட்டில்? சீல் உடைஞ்சிருச்சா?" என்று கத்தினேன். சீல் உடைந்தால் அந்தப் பாட்டில் சாட்சிக்குச் செல்லாதே என்று இருந்தது.

"விடு மச்சான். மான் கறியை மேல அடுக்குனது யாருன்னு நினைச்ச? அப்புறம் இன்னொண்ணு. நீ வச்சது பதினொண்ணு. இப்ப பன்னெண்டு இருக்கு. செவ்வாக்கிழமை அவ்வளவு நடந்ததுக்கப்புறம், இந்த வாரம் தொட்டி வேணாம்னு சொல்லுவாங்கன்னு பாத்தேன். சொல்லலையே. நேத்தும் தெறந்து விட்டாங்க. நான் குழாய் வாயிலயே புடிச்சிட்டேன். நானும் ஆப்பிள் சாறுன்னே எழுதி வச்சிருக்கேன்."

ஆர்டிஸ், அது மற்றப் பதினொன்றையும்விடப் பெரிய விஷயம், அது ஆற்றில் கலப்பதற்கு முந்திய தண்ணீர். ஆனால் அந்தப் பாட்டிலில் தேதி இல்லை, நேரம் இல்லை, எடுத்தவன் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் அது வெறும் ஆப்பிள் சாறு. எடுத்தவன்தான் தன் கையால் எழுத வேண்டும், எழுதினால் வேலை போகலாம்; அவன் பெயரை நான் எழுத முடியாது, நீயும் எழுத முடியாது. அழியாத மை உள்ள பேனா ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அதை ஃப்ரீசர் மூடிமேல் வைத்துவிட்டு நீ மேலே வந்துவிடு. எழுது என்று சொல்லாதே. எழுதாதே என்றும் சொல்லாதே.